56 நிமிடமாம்!

பாரிஸிலிருந்து லண்டன் 344 கிலோமீட்டர், விமானத்தில் 56 நிமிடம் என்று ஒரு இணையதளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பிப் போய் என் அண்ணாவின் மகளுடைய தாலிகட்டைத் தவறவிட்டேன். இன்னும் வயிறு எரியுது.

அந்த 56 எப்படி வந்தது? இரண்டு நகரத்துக்கும் நடுவே ஒரு கோடு கீறி, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் சேர்த்தால் 56 வரும். அவ்வளவுதான் கணக்கு! அந்தக் கோட்டில் எந்த விமானம் பறக்குது? காற்றை எதிர்த்துத்தான் விமானம் கிளம்பும். கிழக்குக் காற்றடித்தால் லண்டனுக்கு முதுகைக் காட்டி ஏறி, பிறகுதான் திரும்பும். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தை நெருங்கினால் இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடிக்க வேண்டும். அதற்கென்றே நான்கு இடம் குறித்து வைத்திருக்கிறார்கள்.

விமானம் 7:30க்கு. விடிய 4 மணிக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். சார்ல் து கோல் விமான நிலையம் பாரிஸுக்குள்ளேயா இருக்கு? 25 கிலோமீட்டர் தள்ளி. கடவுச்சீட்டுச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் வலயத்தில் பிரிட்டன் ஒருநாளும் இருந்ததில்லை, அதனால் போகும்போதும் கடவுச்சீட்டு வரிசை, இறங்கினாலும் கடவுச்சீட்டு வரிசை. எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தால், வான்வழியில் இடம் கிடைக்கவில்லையென்று 50 நிமிடம் தரையிலேயே வைத்திருந்தார்கள். தண்ணீர்கூடத் தரவில்லை. பக்கத்தில் இருந்த கைக்குழந்தை கத்தின கத்தல் இன்னும் காதுக்குள்ளே நிக்குது.

தாலிகட்டு லண்டனின் ஹரோ பகுதியில், லண்டன் நேரம் 10:20க்கு. நான் மண்டப வாசலில் கால் வைத்தது 10:30. கெட்டிமேளம் ஓய்ந்து, சனம் வரிசையில் நின்று அறுகரிசி போட்டுக்கொண்டிருந்தது. அண்ணா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தாலாவது பரவாயில்லை.

லண்டன் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. அதையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டு வாசலிலிருந்து மண்டப வாசலுக்கு ஏழரை மணித்தியாலம். 344ஐ வகுத்துப் பாருங்கோ, மணிக்கு 46 கிலோமீட்டர்! இதுக்குப் பெயர் விமானப் பயணமா?

ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்குக் கீழால் ஓடுற ரயில், பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து லண்டனின் சென் பாங்ராஸ் நிலையத்துக்கு ஏறக்குறைய 2 மணி 20 நிமிடத்தில் போகுது. நகரத்தின் நடுவில் ஏறி நகரத்தின் நடுவில் இறங்கலாம். முன்கூட்டியே வந்து வரிசையில் நிற்கிற நேரத்தைச் சேர்த்தாலும் நான் பட்ட பாட்டில் பாதிதான். அதை ஏன் பக்கத்தில் ஒரு வரியில் போடக்கூடாது? வானத்தில் இருக்கிற நேரத்தை மட்டும் எழுதிவிட்டு அதைப் பயண நேரம் என்று சொல்வது பச்சைப் பொய். ஏழரை மணித்தியாலம் என்று போட்டிருந்தால் நான் முதல்நாள் பின்னேரமே வெளிக்கிட்டிருப்பேனே!