இன்டர்னா, எடுபிடியா?

சுயாதீனத் திரைப்பட விழாவில் இன்டர்னாம் நான். ஒரு படமாவது முழுசாகப் பார்த்தேனா? "தம்பி, நாற்காலி!" "தம்பி, கேபிள்!" "தம்பி, டைரக்டருக்குச் சர்க்கரை போடாத காபி!" செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் ஊரில், ஒரு வீட்டு முற்றத்தில் திரை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுமாம், அதனால் நாற்காலியை இழுக்கக் கூடாது, ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். திறந்த முற்றம், இருட்டினால்தான் படம். அதுவரை மேடையில், 1940களில் காரைக்குடியில் ஏவி.எம். ஸ்டூடியோ இருந்த பெருமை. சரி, அங்கே டீ வாங்கிவந்த பையனுக்காவது சம்பளம் கொடுத்திருப்பார்கள் இல்லையா? எனக்குச் சான்றிதழ் மட்டும்தானாம். உழைப்புச் சுரண்டலைப் பற்றிய படத்துக்கு விருதும் கொடுத்தார்கள். அந்தக் கேடயத்தைத் துடைத்து மேடையேற்றியது யார்? நான்தான். அப்புறம் அந்த வெள்ளைப் பணியாரம்? விருந்தினருக்கு மட்டுமாம்!