விமானம் நிற்கும் முன்னே எழுந்து நிற்கும் புண்ணியவான்களே!

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கி ஓடுபாதையை விட்டுத் திரும்பக்கூட இல்லை. அதற்குள் பின்வரிசைகளிலிருந்து டக், டக்கென்று சீட் பெல்ட் கழற்றும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பெல்ட் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பணிப்பெண் மைக்கில் தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை கெஞ்சுகிறார். யார் காதில் விழுகிறது? எனக்குப் பக்கத்து சீட்காரர் ஏற்கெனவே எழுந்தாயிற்று. மேல் பெட்டியைத் திறந்து, கல்லைக் கட்டியது போலிருக்கும் பையை உருவி, என் மண்டைக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கே போகப் போகிறீர்கள் சார்? கதவே திறக்கவில்லையே!

கணக்கை மட்டும் பாருங்கள். உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தில் ஏறத்தாழ 180 சீட். வரிசைக்கு ஆறு பேர், 30 வரிசை, நடுவே ஒரே ஒரு நடைவழி. அதில் பையோடு ஒருவர் நின்றாலே வழி அடைத்துக்கொள்ளும். ஏரோபிரிட்ஜில், அதாவது விமானக் கதவோடு வந்து ஒட்டிக்கொள்ளும் நடைபாலத்தில், கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் முன்கதவு மட்டும்தான் திறப்பார்கள். 25ஆம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் நூற்று நாற்பதுக்கும் மேல் ஆட்கள் இறங்க வேண்டும். இவர் நின்றாலும் உட்கார்ந்தாலும் தலைகீழாகத் தொங்கினாலும் அவர்கள் இறங்குகிற நேரம் மாறாது. ஆனாலும் மேல் பெட்டிக்கு அடியில் கழுத்தைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். முழங்கை என் காதில் இடிக்கும். கேட்டால் "கால் மரத்துப் போச்சு சார்" என்பார். கால் மரத்துப்போனவர் அப்படியே நிற்க வேண்டியதுதானே, முன்னால் நிற்பவரின் முதுகை ஏன் பையால் தள்ளுகிறீர்கள்?

ஏரோபிரிட்ஜ் கிடைக்காமல் பஸ்ஸில் ஏற்றுகிற நாட்களில்தான் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இடித்துத் தள்ளி முதலில் இறங்கியவர் முதலில் பஸ் ஏறுவார். அந்த பஸ் நிறையும் வரை கிளம்பாது. சாவகாசமாக இறங்கிவந்து கடைசியாக ஏறுகிறவர் கதவோரம் நிற்பார், பஸ் நின்றதும் அவர்தான் முதலில் இறங்குவார். இவ்வளவு பட்டும் இவர்களுக்குப் புத்தி வரவில்லை என்றால் என்ன செய்வது? அப்புறம் பெட்டி வரும் பெல்ட். அங்கே மஞ்சள் கோடு போட்டிருப்பது அழகுக்கு அல்ல. எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நின்றால் எல்லாருக்கும் பெட்டி தெரியும். இவர்களோ தள்ளுவண்டியை நேராகப் பெல்ட்டில் முட்ட வைத்து, குடும்பத்தோடு மதில் கட்டி நிற்பார்கள். நம் பெட்டி கண்ணெதிரே போகும், எட்டி எடுக்க இடம் இருக்காது.

இதெல்லாம் வெறும் எரிச்சல் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் பையின் மேல் உள்ள இந்தப் பிடிப்பு ஆபத்தான இடத்திலும் விடுவதில்லை. 2016 ஆகஸ்ட் 3ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதிச் சறுக்கித் தீப்பிடித்தது. உள்ளே பயணிகளும் ஊழியர்களுமாக 300 பேர். அப்போது உள்ளே எடுத்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. புகை சூழ்ந்துகொண்டிருக்கிறது, பணியாளர்கள் பையை விடுங்கள் என்று கத்துகிறார்கள், நம் ஆட்கள் மேல் பெட்டியைத் திறந்து பை தேடிக்கொண்டிருக்கிறார்கள். 300 பேரும் உயிரோடு வெளியே வந்தது அந்தப் பணியாளர்களின் புண்ணியம். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் விமானம் வெடித்ததில் இறந்தார்.

44 சீட்டுக்கு மேல் உள்ள பயணிகள் விமான ரகம் சான்றிதழ் வாங்குவதற்கு ஒரு சோதனை உண்டு. பாதிக் கதவுகளை மூடி வைத்துவிட்டு, மீதிக் கதவுகள் வழியாக எல்லாரையும் 90 விநாடிக்குள் வெளியேற்றிக் காட்ட வேண்டும். யாரும் பையைத் தூக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமும் கடலோரக் காவல்படை விமானமும் மோதிக்கொண்டன. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானம் முழுக்க எரிந்தது, ஆனால் அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள். பெரும்பாலானவர்கள் பையைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். நம் விமானம் ஒன்றில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று, ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் எழுந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து யோசிக்கிறேன். வயிற்றைக் கலக்குகிறது.

"நம்ம ஜனங்களைத் திருத்த முடியாது சார்" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். முடியும். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 மே 25ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, வரிசை வரிசையாகத்தான் இறக்கினார்கள். முன்வரிசை இறங்கும் வரை பின்வரிசை உட்கார்ந்திருந்தது. அதே மனிதர்கள், அதே விமானம், அதே நடைவழி. தொற்றிக்கொள்ளும் என்ற பயம் இருந்தது, அடங்கி உட்கார்ந்தார்கள். பயம் போனது, பழைய ஆட்டம் திரும்பிவிட்டது. துருக்கியில் 2025இல் விமானம் நிற்பதற்கு முன் எழுந்தால் அபராதம் என்று விதி கொண்டுவந்தார்கள். இங்கேயும் கொண்டுவந்தால் நான் கைதட்டுவேன். ஒரு ஆயிரம் ரூபாய் போதும், கால் மரத்துப்போவதெல்லாம் நின்றுவிடும்.

விமான நிறுவனங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவே இருந்த இடத்தை அங்குலம் அங்குலமாகத் திருடியது அவர்கள்தான். ஜன்னலோரம் வேண்டுமா, காசு. கால் நீட்ட வேண்டுமா, இன்னும் கொஞ்சம் காசு. மனிதர்களை இப்படி நெருக்கிவிட்டு, அவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2014இல் ஒரு பயணி, முன் சீட் சாயாதபடி ஒரு பிளாஸ்டிக் கருவியை மாட்டிவிட்டார். முன்னால் இருந்தவர் ஒரு டம்ளர் தண்ணீரை அவர்மேல் ஊற்றிவிட்டார். டென்வர் போக வேண்டிய விமானத்தைச் சிகாகோவில் இறக்கினார்கள். அந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. சாயும் சீட்டை விற்றுவிட்டுச் சாய இடம் வைக்காதவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் அங்கே போட்டுத் தப்பிக்க முடியாது. கைப்பை ஒன்று, ஏழு கிலோ என்பது நம் நாட்டில் சாதாரண வகுப்புக்குத் தெரிந்த விதி. சக்கரப் பெட்டி ஒன்று, முதுகில் லேப்டாப் பை ஒன்று, கையில் இனிப்புக் கடைப் பை இரண்டு, இதைத் தூக்கி வருகிறவருக்கு எண்ணத் தெரியாதா என்ன? அதிலும் ஒரு தந்திரக்காரக் கூட்டம் இருக்கிறது. சீட் 24ஆம் வரிசையில். பெட்டியை வைப்பது நாலாம் வரிசையின் மேலே. இறங்கும்போது போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாமாம். நாலாம் வரிசைக்காரர் வந்து பார்க்கும்போது இடம் இல்லை. அவர் பை பதினெட்டாம் வரிசைக்குப் போகும். இறங்கும்போது அவர் கூட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கி நீந்த வேண்டும். தந்திரக்காரர் அதற்குள் கார் பார்க்கிங்கில் இருப்பார்.

கவனித்தீர்களா, இந்த வித்தையெல்லாம் முதல் தடவை விமானம் ஏறுகிறவருக்குத் தெரியாது. இங்கேதான் என் ரத்தம் கொதிக்கிறது. விமானத்தில் எது நடந்தாலும் "கண்டவனெல்லாம் ஏற ஆரம்பிச்சுட்டான், பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆயிடுச்சு" என்று உதட்டைச் சுழிக்கும் ஒரு வர்க்கம் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தில் போய்ப் பாருங்கள். கட்டட வேலைக்குப் போகும் தம்பிகள் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மகனைப் பார்க்கப் போகும் அம்மா ஒருவர் பெல்ட் எப்படிப் போடுவது என்று பக்கத்தில் தயங்கித் தயங்கிக் கேட்பார். பணிப்பெண் பாதுகாப்பு விளக்கம் செய்யும்போது கண்கொட்டாமல் பார்ப்பது அவர் ஒருவர்தான். அதே நேரத்தில், வாரம் ஒருமுறை டெல்லி போய்வரும் கனவான் விமானம் நகரத் தொடங்கிய பிறகும் போனில் "யெஸ், யெஸ், டெக் அனுப்பு" என்று கத்திக்கொண்டிருப்பார். பணிப்பெண் வந்து நின்றால் ஒரு விரலைக் காட்டுவார், ஒரு நிமிடமாம். தெரியாமல் செய்பவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இவருக்கு எல்லா விதியும் மனப்பாடம். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

சீட் மாற்றிக் கேட்கிற விஷயமும் இப்படித்தான். முதுமை, கர்ப்பம், உடம்பு முடியவில்லை என்றால் யாரும் எழுந்து இடம் கொடுப்பார்கள், கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு விதியே இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் வரும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. நான் சொல்வது வேறு ஆட்களை. காசு கொடுத்து வாங்கிய என் ஜன்னலோர சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்துகொண்டு, "நாங்க ஃபிரெண்ட்ஸ் சார், நீங்க அங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று கடைசி வரிசை நடு சீட்டைக் காட்டுகிறார்கள். கழிவறைக்குப் பக்கத்து நடு சீட்! மாட்டேன் என்றால் நான் மனிதத்தன்மை இல்லாதவன். நடு சீட்டில் மாட்டிக்கொண்டவருக்குக் கைப்பிடி இரண்டையும் விட்டுக்கொடுக்கிற மரியாதைகூட இங்கே யாருக்கும் இல்லை, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கடைசியாகச் சத்தம். சென்னை விமான நிலையத்தை 2022இல் அமைதி விமான நிலையம் ஆக்கினார்கள். ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்தால் பயணிகள் நிம்மதியாக இருப்பார்களாம். நல்ல எண்ணம்தான். அந்த அமைதியில் இப்போது கேட்பது என்ன தெரியுமா? ஒரு பக்கம் ரீல்ஸ், பதினைந்து விநாடிக்கு ஒரு குத்துப்பாட்டு. இன்னொரு பக்கம் வீடியோ காலில் ஒரு மாமா, யாரோ பெண்ணுக்கு யாரோ மாப்பிள்ளை சரிப்படாது என்கிறார். எதிர்முனையில் இருக்கும் அத்தை சொல்லும் காரணம் வரை கேட் முழுக்கத் தெரிந்துவிடும். விமானத்துக்குள்ளும் இதே கதை தொடரும், தரவிறக்கி வைத்த படம் முழு ஒலியில் ஓடும்.

இந்தச் சத்தத்தை எல்லாம் சகித்துக்கொள்கிறவர்கள் குழந்தை அழுதால் மட்டும் திரும்பித் திரும்பி முறைப்பார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் மாறி எல்லாருக்கும் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம். கைக்குழந்தைக்கு அது தெரியாது, வலிக்கிறது, அழுகிறது. தாய் பால் கொடுக்கப் பார்ப்பாள், ஏதாவது விழுங்கினால் அடைப்பு விடும் என்பதற்காக. அந்த நேரத்தில் அவளைச் சுற்றிப் பத்துப் பேர் முறைத்தால் அவள் என்ன செய்வாள்? குழந்தைக்கு வால்யூம் பட்டன் கிடையாது. உங்கள் போனுக்கு இருக்கிறது.

2017இல் வந்த விதிப்படி, விமானத்தில் கலாட்டா செய்கிறவரை மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடமோ அதற்கு மேலுமோ பறக்க விடாமல் தடுக்கலாம். குடித்துவிட்டுக் கத்தியவருக்கும் கைநீட்டியவருக்கும் அது சரி. ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் ஆசாமிமீது அது எங்கே பாயப்போகிறது? பணிப்பெண்ணிடம் சொன்னால் அவரும் பாவம், சிரித்த முகத்தோடு ஒருமுறை சொல்லிவிட்டுப் போவார். ஐந்து நிமிடத்தில் சத்தம் திரும்பிவரும்.

அதனால் இப்போதெல்லாம் நானே திரும்பி, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "சார், ஹெட்போன் இல்லையா? என்கிட்ட ஒண்ணு இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் அணைத்துவிடுகிறார்கள். ஒரு பெரிய மனிதர் மட்டும் வாங்கி, படம் முடியும் வரை பார்த்துவிட்டு, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.