‘இரண்டே கம்பி போதும்’ என்பது பாதி உண்மை

மாதிரி ரயில் அமைப்பதைப் பற்றி, “டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ரயிலை இயக்கும் கருவி) வாங்கிவிட்டால் தண்டவாளத்துக்கு இரண்டு கம்பி கொடுத்தால் போதும், பாதையை எப்படி வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம்” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை நம்பிப் பலகையில் ஆணி அடித்துவிட வேண்டாம்.

சின்ன வட்டப் பாதைக்கு அது சரி. ஆனால் ரயில் சுற்றி வந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் வளையம் இருந்தால், இடது தண்டவாளம் வலதைத் தொட்டு ஷார்ட் ஆகும். டிஜிட்டல் என்பதற்காக அது விட்டுவிடாது! வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, தானாகத் துருவம் மாற்றும் கருவியை வைக்க வேண்டும். அந்தத் துண்டு உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும்.

தண்டவாள இணைப்பான்களையும் மின்சாரத்துக்கு நம்பாதீர்கள், நாளடைவில் தளர்ந்துவிடும். பலகைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பிகளை ஓட்டி, மீட்டருக்கு ஓரிடத்திலாவது தண்டவாளத்துக்குக் கிளைக் கம்பி கொடுங்கள். பிறகு ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே ஆங்காங்கே வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் இணைப்பு போதவில்லை.