கார் கதவு ரப்பருக்குப் பூசுகிற டப்பா செய்கிறவர்களே, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

போன ஜனவரியில் ஒரு காலை. எங்கள் வீடு ஊட்டியில் தலைக்குந்தா பக்கம். புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல வெள்ளை, கார் கூரையிலும் அதே வெள்ளை. பாப்பாவுக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பின்கதவைப் பிடித்து இழுக்கிறேன், வரவில்லை. லாக் திறந்துதான் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்ட தண்ணீர், கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே ஐஸாகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெந்நீர் ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டு மாமா. கண்ணாடி விரிசல் விட்டால் யார் பதில் சொல்வது? ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தேன். சர்ரென்று சத்தம். கதவு வந்தது, கூடவே ரப்பரும் ஒரு முழம் கழன்று வந்தது. அதன் உதடு கிழிந்து தொங்கியது.

"குக்கர் கேஸ்கட்டுக்கு நான் காட்டுற அக்கறையில கால்வாசி இதுக்குக் காட்டியிருக்கலாம்ல? ஏதாவது தடவி வெச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

நியாயம்தான், தடவியிருக்கலாம். எதைத் தடவுவது? அங்கே பிடித்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் யோசனை மாமாவுடையது. தேங்காய் எண்ணெய். ஐயா, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். எங்கள் ஊரில் மே மாதத்தில்கூட அது பாட்டிலை விட்டு ஒழுங்காக இறங்காது. தடவின மறுநாள் கதவோரம் முழுக்க மெழுகு பூசினதுபோல வெள்ளைக் கோடு. இரண்டு நாளில் எறும்பு வரிசை. இன்னொருவர் தைலம் போடச் சொன்னார். ஊட்டியில் எதற்கும் தைலம்தானே! மூக்கடைப்புக்கு, மூட்டுவலிக்கு, இப்போது கார் கதவுக்கும். ஸ்டிக்கர் பசையையே கரைத்து எடுக்கிற சாமான் அது. அதைக் கொண்டுபோய் ரப்பரில் தேய்க்கவா?

அப்புறம் மெக்கானிக் தம்பி. "பெட்ரோலியம் ஜெல்லி போடுங்கண்ணா. பனிக்கு உதட்டுக்குப் போடறதுதானே, ரப்பருக்கும் கேக்கும்." எவ்வளவு அழகான வாதம்! நானும் நம்பி, இடது பின்கதவுக்கு விரலால் அப்பினேன். வாராவாரம், பனி முடிகிறவரை. ஏப்ரலில் பார்க்கிறேன், இடது பின்கதவின் ரப்பர் ஊறின அப்பளம்போல நெளிந்து கிடக்கிறது. கிள்ளினால் கொழகொழவென்று விரலோடு வருகிறது. மூலையில் பள்ளத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கதவை ஓங்கி அடித்தால்தான் மூடும்.

காரணத்தை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போதைய கார்களின் கதவு ரப்பர், நம் கடைக்காரர் மொழியில் டோர் பீடிங், பெரும்பாலும் இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர். வெயில், மழை, காற்றிலுள்ள ஓசோன் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகாது. சாதா கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய், ஜெல்லி எதைக் காட்டினாலும் குடித்துவிட்டு ஊதிக்கொள்ளும். இதை அந்தத் தம்பியிடம் போய்ச் சொன்னேன். "ஆமாண்ணா, பிரேக் ஆயில் டப்பாவில இன்ஜின் ஆயில் கலந்துட்டா ரப்பர் வாஷரெல்லாம் ஊதிப்போயிடும், பிரேக்கே பிடிக்காது" என்கிறான் சாவகாசமாக! கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற ஊரில் பிரேக் வாஷருக்குத் தெரிந்த ஞானம் கதவு ரப்பருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

சரி, மெக்கானிக்கை விடுங்கள், அவன் யாரோ சொன்னதைச் சொன்னான். என் கோபமெல்லாம் டப்பா செய்கிறவர்கள் மேல்.

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போனேன். அலமாரி முழுக்க டப்பா. ஒன்றை எடுத்தேன். முன்பக்கம் கறுப்புப் பளபளப்பில் ஒரு கார், அதன்மேல் தண்ணீர்த் துளி. 'ரப்பர், வினைல், லெதர், டயர், டேஷ்போர்டு அனைத்துக்கும்'. திருப்பினேன். 'சிறப்பு ஃபார்முலா'. 'நன்கு குலுக்கவும்'. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'. உள்ளே என்ன? ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த டப்பாவில் 'சிலிக்கான் உள்ளது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. சந்தோஷம், சிலிக்கான் இந்த ரப்பரை ஊதவைக்காது. அந்தச் சிலிக்கானைக் கரைத்து வைத்திருப்பது தண்ணீரா, பெட்ரோலிய ஸ்பிரிட்டா? அதைத்தானே நான் கேட்கிறேன்? பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எந்த எண்ணெய் என்று வரிசையாக இருக்கிறது. 450 ரூபாய் டப்பாவில் 'பெட்ரோலியம் கலந்தது' அல்லது 'கலக்காதது' என்று ஒரு வரி எழுத இடமில்லையா? கார் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்களேன்!

கடைக்காரரிடம் கேட்டேன். "நல்லா போகுது சார், ஃபாஸ்ட் மூவிங்." நான் கேட்டது அதில் என்ன இருக்கிறது என்று. "வாசனை நல்லாயிருக்கும் சார்."

நீலமும் மஞ்சளுமாக ஒரு டப்பா எல்லாக் கடையிலும் இருக்குமே, டபிள்யூடி-40, அதையும் நீட்டினார். 1953-இல் உலோகத்தில் ஈரத்தை விரட்டித் துருப் பிடிக்காமல் காக்கச் செய்தது. அந்த வேலையில் கெட்டிக்காரச் சாமான்தான், நட்டு போல்ட்டுக்கு நானே வைத்திருக்கிறேன். அடிப்படை பெட்ரோலியம். அதே பெயரில் சிலிக்கான் வகையும் தனியாக உண்டு, அது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் தேடினது பெட்ரோலியம் கலக்காத சிலிக்கான் கிரீஸ். அதை ஹார்டுவேர் கடையில் கேட்டதுதான் உச்சம். "சிலிக்கான்தானே?" என்று துப்பாக்கியில் மாட்டுகிற நீள ட்யூபை எடுத்து வைத்தார் பெரியவர். அது மீன்தொட்டி ஒட்டுகிற பசை! அதைக் கதவோரம் பூசி ராத்திரி மூடி வைத்திருந்தால் ஜனவரிப் பனியே தேவையில்லை, ஆயுசுக்கும் திறக்காது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால், கோயம்புத்தூர் வரை வந்த பார்சல் மலை ஏற மனசில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

சமவெளியில் இருக்கிறவர்கள், "குளுகுளு ஊரில் ரப்பருக்கு என்னப்பா கேடு" என்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். காலையில் உறைபனி, மத்தியானம் தோலை உரிக்கிற வெயில். ஜூன் பிறந்தால் மூன்று மாசம் மழையும் மேகமும். கண்ணாடி இறங்குகிற பள்ளத்தில் பச்சைப் பாசியே பிடிக்கும். என் நெளிந்த ரப்பர் வழியாக ஜூலையில் தண்ணீர் இறங்கி, கால்மிதிக்கு அடியில் ஊறி, கார் முழுக்க ஈரக் கோணி நாற்றம். செய்தித்தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். நல்ல ரப்பர் என்றால் காகிதம் இறுக்கிப் பிடித்து வரும். என்னுடையதில் வெண்ணெயிலிருந்து கத்தி வருகிறமாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? ஆர்ஓ தண்ணீர் மெஷின் சர்வீஸுக்கு வந்த பையனிடம். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் வெள்ளையாக எதையோ தடவிக்கொண்டிருந்தான். "என்னப்பா அது?" "சிலிக்கான் கிரீஸ் சார், குடிக்கிற தண்ணி படற இடம், வேற எதுவும் போடக் கூடாது." அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. சுண்டைக்காய் அளவு டப்பா ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். சோப்புத் தண்ணீரில் ரப்பரைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துணியில் கடுகளவு எடுத்து இழுத்தேன், அவ்வளவுதான். கொஞ்சமாகத்தான் போட வேண்டும். பாடியில் பட்டால் பின்னால் பெயிண்ட் ஒட்டாது, முன்கண்ணாடியில் பட்டால் வைப்பர் ஈஷிவிடும். இந்த டிசம்பரில் மூன்று கதவும் ஒரு விரலுக்குத் திறக்கின்றன. ஜெல்லி தின்ற இடது பின்கதவுக்குத்தான் புது பீடிங் மாற்ற வேண்டும், அது தனிச் செலவு.

டப்பா தீர்ந்துவிட்டது. நேற்று பையனுக்கு ஃபோன் போட்டு இன்னொன்று வேண்டும் என்றேன்.

"மெஷின்ல லீக்கா சார்?"

"இல்லப்பா, கார் கதவுக்கு."

"காருக்கா? அது எங்ககிட்ட எதுக்கு சார், கார் கடையில கேளுங்க. அங்க விதவிதமா வெச்சிருப்பாங்க."