கேசரி நல்லா இருந்துச்சாம்

ஞாயிற்றுக்கிழமை நம் புத்தகக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும், நம் குரூப்பில் எந்தச் செய்திதான் தங்கியிருக்கிறது?

ஆங்கில எழுத்தாளர் டாஃப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா' நாவல் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் அந்தப் பெரியவர் எழுந்தார். "பொம்பளைங்க மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்துக்கிட்டுப் படிக்கிற கதைம்மா இது. ஒரு பணக்காரன், ஒரு சின்னப் பொண்ணு, ஒரு பங்களா, ஒரு பேய். இதுல இலக்கியம் எங்க இருக்கு?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. கிளம்பும்போது இரண்டு பேர் வந்து கேசரி நல்லா இருந்துச்சு என்றார்கள். பேச்சைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

சார், அந்த நாவலில் பேயே கிடையாது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

1938இல் வந்த புத்தகம். பணக்காரக் கிழவி ஒருத்திக்குச் சம்பளத்துக்குத் துணையாக மாண்டி கார்லோ போன ஏழைப் பெண்ணை, அவளைப்போல இரண்டு மடங்கு வயதுள்ள ஒருவர் கல்யாணம் செய்து இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருக்கும் தன் மாளிகைக்கு அழைத்து வருகிறார். முதல் மனைவி ரெபெக்கா கடலில் போய்விட்டாள். ஆனால் சீப்பு, எழுதும் மேஜை, இரவு உடை எல்லாம் அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. அவற்றைக் காவல் காக்க மிஸஸ் டான்வர்ஸ் என்று ஒரு மனுஷி. கதையைச் சொல்கிறவள் இந்த இரண்டாம் மனைவிதான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவளுக்குப் பெயரே இல்லை. செத்தவளின் பெயர் அட்டையில். இருக்கிறவளுக்குப் பெயர் கிடையாது. இலக்கியம் எங்கே என்று கேட்டீர்களே, அங்கேதான் இருக்கிறது.

ரெபெக்கா செத்தது கொலை என்பதும் அதை யார் செய்தது என்பதும் பாதிக்கு மேல்தான் வருகிறது. அதுவரை நம்மை மூச்சைப் பிடிக்க வைப்பது ஒரே கேள்வி: இந்த வீடு யாருடையது? நகரும் நாற்காலி, மாறிய ஜாடி, சமையல்காரர் கேட்கும் ஒரு சாதாரணக் கேள்வி, ஒவ்வொன்றும் திகில். பிறந்த வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குள் வலது காலை வைத்துப் போன எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், அது திகிலா இல்லையா என்று.

என் கதை இங்கே பலருக்குத் தெரியும். நான் இரண்டாவதாக வந்தவள். பெண் பார்க்க வரும்போதே "ஒத்து வராது"ன்னு எங்க அம்மா அழுதார்கள். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். கூடத்தில் அக்காவின் படம், மாலையோடு. அக்கா என்றுதான் சொல்வேன், பார்த்ததில்லை. அடுப்படியில் பெரியத்தை இருப்பார். உப்பு ஜாடியை நான் கைக்கு வாகாக வலது பக்கம் வைத்தால், சாயங்காலம் அது இடது பக்கம் போயிருக்கும். "அவ அங்கதான் வைப்பா." கோபமே இல்லாமல்தான் சொல்வார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வந்த முதல் மாதம் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் போன் செய்து அக்கா பெயரைச் சொல்லி, "அம்மா இருக்காங்களா?" என்றார். "அவங்க இறந்துட்டாங்களே" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. அன்றைக்குச் சமையல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்.

வருடங்கள் கழித்து 'ரெபெக்கா' கையில் கிடைத்தது. அதில் வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசி அடிக்கிறது, மிஸஸ் டி விண்டரா, அதாவது அந்த வீட்டு எஜமானியம்மாவா, என்று கேட்கிறார்கள். அந்தப் பெண் பதறிப்போய், அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லிவிடுகிறாள். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். மத்தியானம்தான். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டுதான் படித்தேன். வேறு எப்போது படிப்பதாம்?

கொலைகாரனை மன்னிக்கிற காதல் காதலா என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கணவன் கொன்றிருக்கிறான் என்று தெரிந்த நொடியில், ரெபெக்காவை அவன் நேசிக்கவே இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் படுகிறது. படிக்கும்போது குமட்டும். குமட்டட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். இதைக் காதல் கதை என்று சொன்னாலே டு மோரியேவுக்குப் பிடிக்காது, பொறாமையைப் பற்றி எழுதியதாகத்தான் நினைத்தார். அவர் கணவருக்கும் முன்பு வேறொரு பெண்ணோடு நிச்சயமாகி முறிந்திருந்தது. போதுமா தம்பி?

இந்தக் கதையே பிரேசில் நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது என்று இன்னொருவர். ரெண்டாந்தாரமாக ஒரு வீட்டுக்குள் போவதற்குக் காப்புரிமை உண்டென்றால், முதலில் எங்களுக்கெல்லாம் பணம் வர வேண்டும்.

பெரியவருக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் பற்றி ஒரு மணி நேரம் உருகி உருகிப் பேசினவர் நீங்கள். அவர் இயக்கியதில் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது ஒரே ஒரு படம். 1940இல் வந்த 'ரெபெக்கா'. இதே பங்களா, இதே சின்னப் பொண்ணு. மனைவியைக் கொன்றவன் தப்பிக்கக் கூடாது என்ற ஹாலிவுட் தணிக்கை விதிக்குப் பயந்து, அதில் கொலையை விபத்தாக மாற்றிவிட்டார்கள். துணிந்து எழுதினது அந்த அம்மாள். அது பொம்பளைக் கதை. பயந்து எடுத்தது கலை. நடத்துங்கள் சார்.

டு மோரியே இந்த நாவலை எழுத ஆரம்பித்தபோது இருந்தது எகிப்தில், அலெக்சாண்ட்ரியாவில். கணவர் ராணுவ அதிகாரி. வெயில், பிடிக்காத விருந்துகள், மனசெல்லாம் கார்ன்வால். அங்கே மெனபில்லி என்று ஒரு வீடு, ஐவிக் கொடி படர்ந்து பூட்டிக் கிடந்தது, கல்யாணத்துக்கு முன்னால் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்தது. 1943இல் அதைக் குத்தகைக்கு எடுத்தார். தன் காசைப் போட்டுப் பழுது பார்த்து 1969 வரை இருந்தார். கடைசிவரை சொந்தமாகவில்லை. உரிமையாளர் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது, காலி செய்தார். இருபத்தாறு வருஷம். இதைப் பேசும்போது எனக்குக் குரல் உடைந்தது. நீங்கள் மைக் கோளாறு என்று நினைத்தீர்கள் போல.

அவர் நல்லவர், என் வீட்டுக்காரர். பெரியத்தையும் கெட்டவர் இல்லை. கடைசிக் காலத்தில் என் கையால்தான் சாப்பிட்டார். ஒருநாள் தண்ணீர் கேட்கும்போது அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய்க் கொடுத்தேன். இதையெல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, நாவலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அடுத்த மாதம் யார் பேசுவது என்று குரூப்பில் கேட்டிருக்கிறீர்கள். நான் பேசவில்லை. வருவேன், பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். கேசரியைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.