ஏட்டு மதிப்பு என்பது விதிவிலக்கு

"பழைய இயந்திரத்தைக் கொடுத்துப் புதியது வாங்கினால் பழையதன் ஏட்டு மதிப்பையே (தேய்மானம் போகக் கணக்கில் நிற்கும் தொகை) புதியதன் விலையாக எழுதலாம், லாபமே வராது" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 16 அப்படிச் சொல்லவில்லை. பொதுவாக, கொடுத்த சொத்தின் நியாய மதிப்பே (இன்று சந்தையில் விற்றால் கிடைக்கும் விலை) புதியதன் அடக்கவிலை, அதாவது கணக்கில் எழுதும் விலை. ஏட்டில் 3 லட்சம், நியாய மதிப்பு 5 லட்சம் என்றால் 2 லட்சம் லாபம் உடனே கணக்கில் ஏறும். பரிமாற்றத்துக்கு வணிகச் சாரம் (வருங்காலப் பணவரவு செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம்) இல்லாதபோதோ, இரு சொத்துகளில் எதன் நியாய மதிப்பையும் நம்பகமாக அளக்க முடியாதபோதோதான் ஏட்டு மதிப்பு.

குத்தகைக்கு எடுத்த கருவி "வெறும் வாடகைச் செலவு" என்பதும் பழங்கதை. குத்தகைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்த 2019 முதல், குத்தகைக்கு எடுத்தவர் அதன் பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும் தவணைகளின் இன்றைய மதிப்பைக் கடனாகவும் காட்டவேண்டும். 12 மாதத்துக்கு மிகாத குத்தகைக்கும் விலை குறைந்த பொருளுக்கும் இப்படிக் காட்டுவதிலிருந்து சலுகை உண்டு. ஆனால் அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த 12 மாதச் சலுகையும் கிடையாது.