இன்னொரு ஆள் ‘போன் குராஜ்’னு சொன்னா கத்திடுவேன்

பிரான்ஸ்ல லியோனுக்கு வந்து எறங்கி இன்னியோட பதினோரு நாள். இந்தப் பதினோரு நாள்ல நான் வாயத் தொறந்து தமிழ் பேசினது போன்ல மட்டும்தான். நேத்து டிராம்ல யாரோ ‘அம்மா’ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா ஒரு பிரெஞ்சுக் கொழந்தை வேற என்னமோ சொல்லிட்டிருக்கு. அந்த நிலைமைலதான் இதை எழுதறேன். புலம்பறதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல, அதனால உங்க தலைல கொட்டறேன், பொறுத்துக்கங்க.

‘கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ் தம்பி, பிரெஞ்சு தேவையே இல்ல’ன்னு அனுப்பி வச்ச கன்சல்டன்சி அண்ணே, எங்க இருந்தாலும் நல்லா இருங்க. கோர்ஸ் இங்கிலீஷ்தான். வாஷிங் மெஷின் இங்கிலீஷ் இல்லையே! அதுல ‘எசொராஜ்’னு ஒரு பட்டன். அதுதான் துணி பிழியற பட்டன்னு தெரியாம, சொட்டச் சொட்ட ரெண்டு ஜீன்ஸையும் ஒரு பெட்ஷீட்டையும் அள்ளிக்கிட்டு நாலு மாடி ஏறினேன். படி முழுக்கத் தண்ணி. அன்னிக்கு அந்தத் தண்ணியத் துடைச்சிட்டு உக்காந்தப்பதான் மொதல்ல அழுகை வந்துச்சு. பெட்ஷீட்டுக்காக அழுத ஆள் நானாத்தான் இருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இப்ப இருக்கறது நாள் வாடகை ரூம். ஒவ்வொரு நாளும் யூரோவ ரூபாயில பெருக்கிப் பாக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் பெருக்கிக்கிட்டேதான் இருக்கேன். மாச வாடகைக்கு ஒரு வீடு கிடைச்சாச்சு. ஆனா சாவி கைக்கு வரல. சாவி வேணும்னா வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்த சான்று காட்டணும். இங்க வாடகைக்கு இருக்கறவன்தான் அதை எடுக்கணும், சட்டமே அப்படித்தான். இன்சூரன்ஸ்காரங்க மாசாமாசம் பணம் பிடிக்க ‘ரிப்’ கேக்கறாங்க, அதாவது பேங்க் அக்கவுண்ட் விவரம் அச்சடிச்ச சீட்டு. ரிப் வேணும்னா அக்கவுண்ட் தொறக்கணும். அக்கவுண்ட் தொறக்க வீட்டு முகவரிக்குச் சான்று வேணும். வீட்டுச் சாவி எங்க? அதான் மேலயே சொன்னேனே!

கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அதை ஒரு நாடே ஃபைல் போட்டு நடத்தும்னு நெனச்சுக்கூடப் பாக்கல.

நியாயத்தையும் சொல்லிடறேன். வாடகைக்கு ஜாமீன் நிக்க ஆள் இல்லாத மாணவனுக்கு ‘விசால்’னு ஒரு திட்டம் இலவசமா ஜாமீன் நிக்குது. எனக்குக் கிடைச்சுது, அதுல ஒரு குறையும் இல்ல. பேங்க் முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டா, அந்தத் தாளை எடுத்துக்கிட்டு பாங்க் த பிரான்ஸ்கிட்ட, அதாவது இங்கத்த ரிசர்வ் பேங்க் மாதிரி இருக்கறதுகிட்ட போய் எனக்கு அக்கவுண்ட் உரிமைன்னு கேக்கவும் வழி இருக்கு. ஆனா அந்த பேங்க் அக்கா முடியாதுன்னு சொன்னாத்தானே! சிரிச்சாங்க. ‘ரான்தெவூ’ எடுத்துட்டு வரணும்னாங்க, அதாவது முன்கூட்டியே நேரம் வாங்கிட்டு வரணுமாம். ஒம்பது நாள் கழிச்சு ஒரு ரான்தெவூ குடுத்தாங்க. நான் வெளிய போறப்ப, ரொம்ப அன்பா, ‘போன் குராஜ்’னாங்க. மனசத் தளர விடாதே, தைரியமா இருன்னு அர்த்தம்.

வீட்டு ஏஜென்சில போன் குராஜ். இன்சூரன்ஸ்ல போன் குராஜ். காலேஜ் ஆபீஸ்ல ரெண்டு பேர், ரெண்டு போன் குராஜ். யாரும் திட்டல, யாரும் எரிஞ்சு விழல. அதுதாங்க வயித்தெரிச்சல்! நம்மூர் தாலுகா ஆபீஸ்ல உள்ள கடிச்சுக் கொதறுவாங்க, ஒத்துக்கறேன். ஆனா வெளிய வேப்பமரத்தடியில ஒருத்தர் மேசை போட்டு உக்காந்திருப்பார். ‘என்னப்பா, எந்த சர்டிபிகேட்டு? இங்க குடு’ன்னு அவரே எழுதி, எந்த ரூம்ல யார்கிட்ட குடுக்கணும்னு சொல்லி, டீயும் சொல்லுவார். இங்க உள்ள எல்லாம் தேன். வெளிய வந்தா மரம் மட்டும்தான் இருக்கு.

இன்சூரன்ஸ்ல போன் நம்பர் சொன்ன கதையையும் கேளுங்க. இவங்க நம்பர ரெண்டு ரெண்டாச் சொல்லுவாங்க. ‘சுவாசாந்த்’னு காதுல விழுந்ததும் நான் 60 எழுதினேன். அடுத்து ‘தீஸ்வித்’. 18 எழுதினேன். ரெண்டும் சேந்தா 78-ஆம்! எழுபதுக்குத் தனி வார்த்தை கெடையாது, அறுபதும் பத்தும். தொண்ணூத்தேழுன்னா நாலு இருபது, அப்புறம் பதினேழு. பத்து இலக்க நம்பருக்கு என் நோட்டுல பதினாலு இலக்கம் இருந்துச்சு. பக்கத்துல இருக்கற ஜெனீவாவுல இதே பிரெஞ்சுல எழுபதுக்கு ‘செப்தாந்த்’, தொண்ணூறுக்கு ‘நொனாந்த்’னு ஒழுங்காச் சொல்றாங்க. அங்க அப்ளிகேஷன் போட்டிருக்கலாம், என் நேரம்.

அத்தை வேற தெனமும் ஈஃபில் டவர் போட்டோ கேக்குது. அத்தே, அது பாரிஸ்ல இருக்கு, டிஜிவிங்கற அதிவேக ரயில்ல போனாலே ரெண்டு மணி நேரம்னு சொன்னாப் புரியல. இங்க ஃபுர்வியேர் மலை மேல அதே சாயல்ல ஒரு குட்டி இரும்புக் கோபுரம் நிக்குது, 1894-ல கட்டினது. அதை போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். குடும்ப குரூப்ல முப்பத்தி ரெண்டு ஹார்ட். ‘என்ஜாய் பண்றான்’னு மாமா. ஆமா மாமா, என்ஜாய் பண்றேன்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வேற. ஞாயித்துக்கிழமை ஓய்வுக்கு 1906-லயே சட்டம் போட்டுட்டாங்களாம். தொழிலாளிக்கு நல்லதுதான். எனக்கு அரிசி தீந்துருச்சே! சூப்பர் மார்க்கெட் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் தொறந்திருக்கும்னு தெரியாம ஒண்ணு அஞ்சுக்குப் போய் நின்னேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தரையத் துடைச்சிட்டிருந்தார். என்னப் பாத்துத் தோளத் தூக்கிக் காமிச்சார். போன் குராஜ்னு வாய் அசைஞ்ச மாதிரிகூட இருந்துச்சு, எனக்குத்தான் பிரமையோ என்னமோ.

திரும்பி வந்து, இருந்த ரெண்டு உருளைக்கெழங்க வதக்கலாம்னு அம்மா கட்டிக் குடுத்த கடுகையும் காஞ்ச மொளகாயையும் எண்ணெயில போட்டேன். கடுகு வெடிச்சு முடியல, கூரைல இருந்த புகை அலாரம் ஊரக் கூட்டுது. நாற்காலி மேல ஏறி அதைத் துண்டால விசிறிக்கிட்டிருக்கேன், யாரோ கதவத் தட்டறாங்க. பதினோரு நாள்ல என் கதவத் தட்டின மொத ஆள். தொறந்தா பக்கத்து ரூம் தாத்தா, காத இறுக்கிப் பொத்திக்கிட்டு. நான் இங்கத்த வணக்கமான ‘பொன்ழூர்’ சொல்ல மறந்துட்டு ‘சாரி சாரி’ன்னேன். அவர் மொதல்ல நிதானமா ‘பொன்ழூர்’னார், அப்புறம்தான் திட்டினார். ஒண்ணும் புரியல. ஆனா சத்தியமாச் சொல்றேன், திட்டறத நிறுத்திடாதீங்க தாத்தான்னு இருந்துச்சு.

இப்ப ராத்திரி எட்டு. ஊர்ல பதினொன்றரை. ‘சாப்ட்டியாப்பா’ன்னு அம்மா மெசேஜ் போட்டு முழிச்சிட்டிருக்கு. சாப்ட்டேன்மா, தூங்குன்னு போட்டாச்சு. உருளைக்கெழங்கு அடிப்பிடிச்சு அப்படியே கெடக்கு. நாளைக்கே பேங்க் வாசல்ல போய் உக்காந்திடலாம்னு பாத்தா, அந்தக் கிளைக்குத் திங்கக்கிழமையும் லீவாம்.